ஏழாவது வரியில் நான் போடாத கையெழுத்து

போன மாதம் சார்ஜாவிலிருந்து ஒரு போன் வந்தது. நான் வேலை பார்த்த கார்கோ கம்பெனியில், என் பழைய கவுண்டரில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் பேசினாள். இலங்கை மலையகத்துப் பிள்ளை. முகம் பார்த்ததில்லை. துப்பாக்கி அனுப்பும் படிவத்தை மாற்றப் போகிறார்களாம், இனி எல்லாம் கம்ப்யூட்டரில் வருமாம். அதற்காகப் பழைய கோப்புகளைப் புரட்டியபோது என் பெயர் வந்ததாம். சுற்றி வளைத்துக் கடைசியில் கேட்டுவிட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். நீங்க ஒரு அரபியோட துப்பாக்கிய நிப்பாட்டி வச்சுட்டு, அப்புறம் மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்தீங்கன்னு இங்க சொல்றாங்க. நெசமா?"

"கடிதம் குடுத்தது நெசம்மா. மன்னிப்புக் கேட்டது பொய்."

போனை வைத்த பிறகும் எனக்கு ஆறவில்லை. ஓய்வு பெற்று கீழக்கரையில் உட்கார்ந்திருக்கிறவனைப் பற்றி யார் என்ன சொன்னால் என்ன என்று என் மனைவி சொன்னாள். அவளுக்கு அது சரி. எனக்குச் சரியில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கும் ஒரு நகல் அனுப்புவேன்.

நான் சார்ஜாவுக்குப் போனது எண்பதுகளில். முதலில் ஒரு மச்சானின் பாத்திரக் கடை, அப்புறம் ஒரு லாண்டரி, அப்புறம் இந்தக் கார்கோ கம்பெனியில் லோடர். பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போன பிறகு, எனக்கு இங்கிலீஷ் படிக்க வருகிறது என்று யாரோ கண்டுபிடித்து கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான் என் படிப்பும் பயிற்சியும். இரண்டாயிரத்துக்குப் பிறகு 'ஸ்பெஷல் கார்கோ' என்று ஒரு பிரிவு ஆரம்பித்தார்கள். வேட்டைப் பருந்து, பந்தயக் குதிரை, துப்பாக்கி. இந்த மூன்றும் என் மேசை வழியாகத்தான் விமானத்துக்குப் போகும். பருந்துக்குப் பாஸ்போர்ட் உண்டு என்று ஊரில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். நானே ஆயிரம் பருந்துப் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியிருப்பேன்.

துப்பாக்கி விஷயம் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த நாட்டில் காட்டு மிருகங்களை வேட்டையாடத் தடை. மானைத் தொட்டால் உள்ளே போக வேண்டியதுதான். அதனால் வேட்டைப் பிரியர்கள் குளிர்காலத்தில் வெளிநாடு போவார்கள். அவர்களுடைய துப்பாக்கி தனியாகக் கார்கோவில் போகும். போலீஸ் அனுமதி, விமானக் கம்பெனியின் சம்மதம், போகிற நாட்டின் உரிமம், அந்த நாட்டு வேட்டை விதிகளின் நகல் எல்லாம் சேர்ந்து ஒரு கட்டாக வரும். கட்டைப் பிரித்து, சரிபார்த்து, துப்பாக்கியில் ஒன்றும் இல்லை என்று எங்கள் படிவத்தில் ஏழாவது வரியில் கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்த வரி சொல்வது இதுதான்: 'பின்பக்கம் திறந்து பார்க்கப்பட்டது, காலி.'

இனி என் மேலதிகாரி. சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். வயதில் சின்னவரானாலும் நான் 'சார்' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை 'அண்ணை' என்பார். அவரைப் போலப் படிவம் படிக்கிற மனிதரை நான் கண்டதில்லை. ஒரு மர ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஸ்கேலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் படிவத்தை நம் பக்கம் திருப்பிவிடுவார். மேசையில் துப்பாக்கி இருக்கும்வரை உட்காரமாட்டார், டீ குடிக்கமாட்டார், மற்றவர்களையும் குடிக்க விடமாட்டார். "துவக்கு இருக்கிற மேசையில பகிடி விடக் கூடாது" என்பார். நான் ஒருமுறை ஏதோ சொல்லிச் சிரித்ததற்கு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்த எரிச்சலோடு ஒரு மரியாதையும் இருந்தது. பார்க்காததைப் பார்த்ததாக அவர் எழுதவே மாட்டார் என்று நம்பினேன்.

ஒரு குளிர்காலத்தில் அந்தத் துப்பாக்கி வந்தது. சாதாரணத் துப்பாக்கி இல்லை. நம் ஊர்ப் பக்கம் காட்டுப் பன்றி விரட்ட வைத்திருந்தார்களே, வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி, அந்த ஜாதி. ஆனால் அழகானது. வழவழப்பான மரம், நீளக் குழல். குதிரை என்கிற சுத்தியலின் வாயில் சக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் கல் உருக்குத் தகட்டில் உரசும், பொறி கீழே உள்ள சின்னக் கிண்ணத்தில் விழும், கிண்ணத்து மருந்து பற்றும், அந்த நெருப்பு பக்கவாட்டுத் துளை வழியாகக் குழலுக்குள் போய் உள் மருந்தைப் பற்ற வைக்கும்.

வைத்திருந்தவர் வயதான ஓர் அரபி. பெரிய வீடு, பெரிய பெயர். எங்கள் கம்பெனிக்குப் பெரிய வாடிக்கையாளர். கூடவே வந்த விதிப் புத்தகத்தைப் படித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர் போகிற குளிர் நாட்டில், வழக்கமான வேட்டைக் காலம் முடிந்த பிறகு சில நாட்கள் இந்த மாதிரித் துப்பாக்கிக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள். கல் உரசித்தான் நெருப்பு வர வேண்டும். தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் கண்ணாடி பூட்டக் கூடாது. ஒரு தடவைக்கு ஒரே ஈயக் குண்டு. மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆரஞ்சுச் சட்டை போட வேண்டும். மானுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கிறார்களாம். சார்ஜாவின் முவைலாப் பகுதியில் எட்டுப் பேர் படுக்கிற ரூமில், கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து நான் அந்தப் புத்தகத்தை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்தேன். "காக்கா, ஊருக்குப் போய் மான் அடிக்கப் போறியளா?" என்று, என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் ரூம் பையன்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும். என் மேசைக்கு வருகிற காகிதத்தை நான் படிக்காமல் வேறு யார் படிப்பது?

அங்கேதான் என் தப்பும் எனக்குத் தெரிந்தது. இந்த ஜாதித் துப்பாக்கிக்குத் திறந்து பார்க்கப் பின்பக்கமே கிடையாது. குழலின் அடி இறுக்கி மூடியது. அப்படியானால் இதற்கு முன்னால் வந்த பழைய துப்பாக்கிகள், ஓமான் பக்கத்திலிருந்து சந்தைக்கு வந்து சுவரில் மாட்ட வெளிநாடு போனவை, அத்தனைக்கும் 'பின்பக்கம் திறந்து பார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டது யார்? நான்தான். படிவத்தில் கேட்டிருந்தது, போட்டேன். எனக்கு முன்னால் இருந்தவர் போட்டார், அவரைப் பார்த்து நானும் போட்டேன். இல்லாத கதவைத் திறந்து பார்த்ததாக எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! நினைத்தாலே வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒன்றும் ஆகாமல் போனது அல்லாஹ்வின் கருணை, என் சாமர்த்தியம் இல்லை.

விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வழி சொல்லியிருந்தார்கள். குழலுக்குள் ஒரு மரக்கோலை விடு. அது எங்கே நிற்கிறதோ, அங்கே குழல் வாயோடு ஒட்டிக் கோலில் ஒரு கோடு போடு. கோலை வெளியே எடுத்து, அந்தக் கோட்டைக் குழல் வாயில் வைத்து, வெளிப்பக்கமாகக் குழலோடு சேர்த்துப் பிடி. கோலின் நுனி பக்கவாட்டுத் துளைவரை வந்தால் குழல் காலி. வராமல் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. இவ்வளவுதான்.

ஹார்ட்வேர் கடையில் ஒரு மரக்கோல் வாங்கி வந்தேன். மறுநாள் காலை துப்பாக்கியை மேசையில் வைத்தேன், வாய் சுவரோரம் அடுக்கியிருந்த மணல் மூட்டைப் பக்கம். முதலில் கல்லுக்குத் தோல் உறை போட்டேன். கிண்ணத்தைத் திறந்தேன், சுத்தமாகத் துடைத்திருந்தது. பொறி உள்ளே போகாதபடி பக்கத் துளையில் ஒரு மரக் குச்சியைச் செருகினேன். அப்புறம் பக்கவாட்டில் நின்றுகொண்டு கோலை இறக்கினேன். கோல் பாதியில் நிற்கவில்லை, நன்றாகவே இறங்கியது. அடி தட்டியதும் கோடு போட்டேன். எடுத்து வெளியே வைத்துப் பார்த்தேன். துளைக்கு மூன்று விரல் குறைந்தது.

மறுபடி செய்தேன். மறுபடியும் மூன்று விரல்.

சிவநேசன் வந்து நின்றார். நான் கோலை அவர் கையில் கொடுத்தேன். அவரும் செய்தார். தன் ஸ்கேலை வைத்து அளந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார்.

மேனேஜர் வடக்கத்திக்காரர். காலையில் வந்ததும் யார் யார் வாடிக்கையாளர் என்று பட்டியல் பார்ப்பார், பெரிய பெயர் இருந்தால் அன்று டை கட்டுவார். அன்று டை கட்டியிருந்தார். விதிப் புத்தகத்தின் நகலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் ஒரே ஒரு வரியில் மஞ்சள் அடித்திருந்தது. அந்த வரியை நானும் படித்திருந்தேன். கல் துப்பாக்கியின் கிண்ணத்தில் மருந்து இல்லையென்றால், வண்டியில் கொண்டுபோகும்போது அதைக் கெட்டிக்காத துப்பாக்கியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி.

"பாய், கிண்ணம் காலியா?"

"காலி."

"கவர்மெண்ட் ரூல் ஹை. கிண்ணம் காலின்னா துப்பாக்கி காலி. சைன் கர் தோ, கலாஸ், முடிஞ்சது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த விதி அந்த நாட்டுக் காட்டில், தன் வண்டியில் போகிற வேட்டைக்காரனுக்கு எழுதியது. ஒரு மரத்தடியிலிருந்து இன்னொரு மரத்தடிக்குப் போகும்போது ஒவ்வொரு தடவையும் குண்டை உருவ முடியாது என்பதற்காகக் கொடுத்த சலுகை. அதை விமானத்தின் வயிற்றுக்குள் கொண்டுவந்து வைப்பார்களா? குழலுக்குள் கருமருந்தும் ஈயக் குண்டும் உட்கார்ந்திருக்கின்றன. கீழே லோடர் பையன்கள் அந்தப் பெட்டியைத் தோளில் வைப்பார்கள். நானும் வைத்தவன்தான். பெட்டியில் எந்தப் பக்கம் துப்பாக்கியின் வாய் என்று எந்த லோடருக்குத் தெரியும்?

"ஒரு பக்கம் படிச்சிருக்கீங்க. கடைசிப் பக்கத்தையும் படிங்க" என்று இந்தியில் சொன்னேன். அவர் படிக்கவில்லை. என் விசா முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, புதுப்பிக்கிற காகிதம் அவர் மேசையில் இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினார். சிரித்துக்கொண்டே சொன்னார். மத்தியான விமானம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பதினெட்டு நாள். பையன்கள் இரண்டு பேரும் காலேஜில். வீட்டில் நான் ஒருத்தன்தான் சம்பாத்தியம். ஐம்பதைத் தாண்டியவனுக்கு அந்த ஊரில் புதுசாக யார் வேலை கொடுப்பார்கள்? பயமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சிவநேசன் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார். மேசையில் துப்பாக்கி இருந்தது. அன்றுதான் முதல் முறையாக அவர் துப்பாக்கி இருக்கும்போது உட்கார்ந்தார்.

"அண்ணை, இண்டைக்கு ஒருக்கா கையெழுத்தை வைச்சு விடுங்கோ."

"சார், நீங்களும்தானே அளந்து பார்த்தீங்க?"

"ஓம், பார்த்தனான். எனக்கு விளங்காமலில்லை. ஆனா எனக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை அண்ணை. அங்க திரும்பவும் சண்டை. மனிசி, பிள்ளையள், எல்லாற்றை விசாவும் இந்தாள் கையிலதான் கிடக்கு. ரெண்டு பேரும் மாட்டம் எண்டு நிண்டா என்னையும் சேர்த்துத் தூக்கிப் போடுவார்."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர்மேல் வருத்தமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷமாக இரண்டு தட்டுத் தட்டிப் படிவத்தைத் திருப்பிய கை, இப்போது பேனாவை நீட்டுகிறது.

"எனக்குப் போக ஊரு இருக்கு சார். அப்ப மாட்டேன்னு நான்தானே சொல்லணும்?"

பேனாவை வாங்கினேன். ஏழாவது வரியைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: 'இந்தத் துப்பாக்கிக்குத் திறக்கும் பின்பக்கம் கிடையாது. கோல் மூன்று விரல் முன்னால் நிற்கிறது. உள்ளே மருந்து இருக்கிறது. ஏற்க முடியாது.' கீழே கையெழுத்து, நேரம், தேதி. அச்சடித்த படிவத்தை அடிப்பது எங்கள் கம்பெனியில் பெரிய குற்றம். தெரிந்துதான் அடித்தேன்.

துப்பாக்கி விமானத்தைத் தவறவிட்டது. மேனேஜர் குதித்தார். சாயங்காலம் துப்பாக்கிக்காரரே வந்துவிட்டார். வெள்ளைக் கந்தூரா அங்கி, கையில் தஸ்பீஹ் மணி. மேனேஜர் அவர் முன்னால் கைகட்டி நின்று, இந்தக் கிளார்க் விதி தெரியாதவன், இன்றே வேலையை விட்டு அனுப்புகிறேன் என்றார். பெரியவர் அவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம் உருதுவில் கேட்டார்.

"என்ன பாய், என் துப்பாக்கியில என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்ல அர்பாப். இந்தக் கோலை நீங்களே விட்டுப் பாருங்க."

விட்டார். கோடு போட்டார். வெளியே வைத்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ அன்னிக்குப் பண்ணையில சுட்டுப் பார்த்தேன்" என்றார் மெதுவாக. "பொறி வந்தது, கிண்ணத்து மருந்து எரிஞ்சது, குண்டு போகல. ஈரமா இருக்கும்னு கிண்ணத்தைத் துடைச்சேன். அதுக்குள்ள சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாங்க. அப்படியே மறந்துட்டேன்."

துப்பாக்கியை அவரே எடுத்துப் போனார். குண்டை உருவி, மருந்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, மூன்று நாள் கழித்துத் திரும்ப அனுப்பினார். கோல் துளைவரை வந்தது. துப்பாக்கி போனது. அவரும் போய் வந்தார். மான் அடித்தாரா என்று எனக்குத் தெரியாது.

இதோடு முடிந்ததென்று நினைப்பீர்கள். பெரிய மனிதர் ஒத்துக்கொண்டார். அவருக்குப் பயந்தவரால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மறு வாரமே மேனேஜர் கூப்பிட்டார். வாடிக்கையாளரைத் தாமதப்படுத்தியதற்கும் படிவத்தைச் சிதைத்ததற்கும் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், தந்தால்தான் விசா. விசாவுக்கு இன்னும் ஏழு நாள்.

அன்று ரூமில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். நான்கு வாக்கியம். 'குறிப்பிட்ட துப்பாக்கியில் மருந்தும் குண்டும் இருந்தன. காலி என்று கையெழுத்துப் போடும்படி எனக்குச் சொல்லப்பட்டது. நான் போடவில்லை. இந்தக் கடிதம் மேனேஜர் கேட்டதன் பேரில் எழுதப்பட்டது.' மறுநாள் காலை அதை மேனேஜரிடம் கொடுப்பதற்கு முன், ரிசப்ஷனில் இருந்த பிலிப்பினோ பெண்ணிடம் நகலில் 'பெறப்பட்டது' முத்திரை வாங்கிக்கொண்டேன். கடித வரிசை எண்ணும் போட்டுக் கொடுத்தாள். கிளார்க் வேலை பார்த்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?

மேனேஜர் படித்தார். காதுவரை சிவந்தார். "இது மன்னிப்பா?" என்று கத்தினார்.

"நீங்க கடிதம் கேட்டீங்க, குடுத்துட்டேன். நகல் என்கிட்ட இருக்கு" என்றேன்.

அதை ஏற்கவும் அவரால் முடியவில்லை, எண் விழுந்த பிறகு கிழிக்கவும் முடியவில்லை. என்னை அனுப்பினால் ஏன் என்று மேலே கேட்பார்கள், கேட்டால் அந்தத் தாள் வெளியே வரும். விசா முடிகிற நாளுக்கு முந்தின நாள் புதுப்பித்துக் கொடுத்தார். கூடவே ஓர் உத்தரவு: நாளையிலிருந்து நான் மீன், காய்கறிக் கொட்டகையில் டியூட்டி. அதைத் தண்டனை என்று நினைத்தாரே, அதுதான் சிரிப்பு. கீழக்கரைக்காரனுக்கு மீன் வாடை தண்டனையா?

சிவநேசன் அந்த ஒரு வருஷமும் என் கண்ணைப் பார்க்கவில்லை. கான்டீனில் நான் போனால் எழுந்துவிடுவார். நானும் வலியப் போய்ப் பேசவில்லை. எனக்கு அவர்மேல் பகை இல்லை. ஆனால் அவர் நீட்டிய பேனாவை மறக்கவும் முடியவில்லை, இன்றுவரை.

அடுத்த குளிர்காலம் வந்தது. ஒரு நாள் காலை நான் ஐஸ் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது சிவநேசன் கொட்டகை வாசலில் வந்து நின்றார். பளபளப்பான ஷூ தண்ணீரில் நனைந்தது. அதே பெரியவர், அதே துப்பாக்கியோடு கவுண்டரில் நிற்கிறாராம். போன வருஷம் கோல் விட்ட பாய் வந்து பார்க்காமல் துப்பாக்கியைப் பெட்டியில் வைக்க விடமாட்டேன் என்கிறாராம். புதுக் கிளார்க்கும் மேனேஜரும் முழித்துக்கொண்டு நிற்கிறார்களாம்.

"ஒருக்கா வாங்கோ அண்ணை. அண்டைக்கு நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது..."

"அதை விடுங்க சார். எனக்கு டியூட்டி இங்க. அங்க வந்து பார்க்கச் சொல்றாகன்னா எழுத்துல வேணும். ஏழாவது வரி இந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தாது, கோல் விட்டுப் பார்க்கணும்னு எழுதணும். கீழ மேனேஜர் கையெழுத்து."

"அவர் போடமாட்டார்."

"போடலைன்னா மீன் எண்ணுறேன்."

அவர் போனார். நான் எண்ணினேன். நாற்பத்தி இரண்டாவது பெட்டியில் இருக்கும்போது திரும்பி வந்தார். மூச்சிரைத்தது. கையில் ஒரு தாள். நான் சொன்னது சொன்னபடி இருந்தது. இரண்டாவது வரியில் சிவநேசனே தன் பச்சைப் பேனாவால் ஒரு வார்த்தையைத் திருத்தியிருந்தார். கீழே மேனேஜர் கையெழுத்து, மை இன்னும் காயவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். ஒரு முறை படித்தேன். நிதானமாக இன்னொரு முறை படித்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கொட்டகையை விட்டு இறங்கினேன்.